"ஹிந்திக்காரங்க டேபிள்ல ஆல்டர் ஜாஸ்தி": இந்தப் பேச்சை லைனில் எப்படி மாற்றுவது?

பனியன்_ஹெச்ஆர் கேட்டது:

வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு பனியன் யூனிட்ல ஹெச்.ஆர். வேலை. தையல்ல 60 பேர், அதுல பாதிக்கு மேல ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம்ல இருந்து வந்தவங்க. சூப்பர்வைசர் ரிப்போர்ட்ல எல்லாருக்கும் ஒரே பேரு, "ஹிந்திக்காரங்க". அவங்க டேபிள்ல ஆல்டர் (தையல் தப்பாகி திருத்தத் திரும்பற பீஸ்) ஜாஸ்தி, சொல்லாம ஊருக்குப் போயிடறாங்கன்னு தினமும் புகார். யாரு, எந்த ஆபரேஷன்லன்னு கேட்டா பதில் இல்ல. இப்படிப் பேசாதீங்கன்னு உபதேசம் பண்ணா எடுபடாது. நடைமுறையில எதை மாத்தணும்?

ஐஈ_கோவை:

ஆல்டர் கணக்குல இருந்து ஆரம்பிங்க. செக்கிங் நோட்டுல பெரும்பாலும் மணி, பீஸ், ஆல்டர் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும். கூட நாலு கட்டம் போடுங்க: பண்டில் (ஒண்ணாக் கட்டி வர்ற வெட்டுத் துணிக்கட்டு) நம்பர், ஆபரேஷன் (தோள், கை, கழுத்துன்னு தனித்தனியா தைக்கிற வேலை), டெய்லர் டோக்கன் (ஆள் நம்பர்), மெஷின் நம்பர். இதுல மெஷின் நம்பரைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. ஆனா பாதி உண்மை அங்கதான் இருக்கு. புதுசா வர்றவங்களுக்கு லைன்ல மிச்சம் கிடக்கிற பழைய மெஷின்தான் கிடைக்கும். லூப்பர் (கீழ நூலைக் கோக்கிற கொக்கி) டைமிங் தள்ளியிருந்தா யாரு உட்கார்ந்தாலும் தையல் விடும். ஊசி முனை மழுங்கியிருந்தா சிங்கிள் ஜெர்சியில (மெல்லிய பனியன் துணி) ஓட்டை விழும். அந்தத் துணிக்குப் பால் பாயிண்ட் (நூலை அறுக்காம விலக்கிப் போற உருண்டை முனை) ஊசி, 65/9 அல்லது 75/11 வேணும். இதையெல்லாம் பார்க்காம பழியை ஊர் மேல போட்டா, மெக்கானிக் பார்க்க வேண்டிய கோளாறு அப்படியே கிடக்கும்.

சோதிக்க ஒரு வழி: அதே துணி, அதே ஆபரேஷன். ஆல்டர் அதிகம் வர்றவரையும் குறைவா வர்றவரையும் ரெண்டு நாள் மெஷின் மாத்தி உட்கார வைங்க. கோளாறு பழைய மெஷின்லயே நின்னா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. ஆள் கூடவே போனா அவருக்கு அந்த ஆபரேஷன்ல மட்டும் பயிற்சி கொடுங்க, மத்த ஆபரேஷன்ல அவரு நல்லாவே தைக்கலாம்.

100 பீஸை வச்சு ஆளை எடை போடாதீங்க. 100ல ஒருத்தருக்கு 3, இன்னொருத்தருக்கு 6 ஆல்டர்ங்கிறது தற்செயலாவும் வரும். ஒரே ஆபரேஷன்ல ஒருத்தருக்கு 500 பீஸாவது சேரட்டும், அப்புறம் பேசலாம்.

மெர்ச்சன்_பல்லடம்:

அடுத்து திறன் அட்டவணை. வரிசையில் ஆள் பெயர்கள், தலைப்பில் ஆபரேஷன்கள்: தோள் இணைப்பு, கை இணைப்பு, சைடு, கழுத்து ரிப், பாட்டம் பிளாட்லாக் (அடி ஓரத்தை மடித்துத் தட்டையாகத் தைப்பது). ஒவ்வொரு கட்டத்திலும் 0 முதல் 4 வரை மதிப்பு, பக்கத்தில் தேதி. எல்லோரும் செய்யும் தவறு, சூப்பர்வைசரின் ஞாபகத்தை வைத்து ஒரே மதியத்தில் நிரப்பிவிடுவது. அப்படிச் செய்தால் பழைய முத்திரையே எண்ணாக மாறி உட்கார்ந்துவிடும். ஸ்டாப்வாட்ச் வைத்து ஆளுக்கு 10 சுற்று அளக்க வேண்டும்.

நாள் கணக்குக்கு: தைத்த பீஸ் × அந்த ஆபரேஷனின் நிர்ணய நிமிடம் (ஒரு பீஸுக்கு ஆக வேண்டிய நேரம்) ÷ வேலை செய்த நிமிடம் × 100. தோள் இணைப்பு 0.30 நிமிடம் என்றால், 480 நிமிடத்தில் 960 பீஸ் தைத்தவர் 60 சதவீதம். கரண்ட் போன நேரத்தையும் பண்டில் வராமல் காத்திருந்த நேரத்தையும் கழித்துவிடுங்கள். கழிக்காவிட்டால், லைன் கடைசியில் பண்டிலுக்காக உட்கார்ந்திருப்பவர்தான் சோம்பேறி என்று பெயர் வாங்குவார்.

ஜாயினிங்_ஃபார்ம்:

முதல்ல அவங்க எல்லாரும் ஹிந்திக்காரங்களே இல்லைங்க. ஒடியா, வங்காளி, அசாமி, போஜ்புரி, மைதிலி, சந்தாலின்னு வீட்டு மொழி வேற வேற. சந்தாலிக்கு ஓல் சிக்கின்னு தனி எழுத்தே இருக்கு. ஃபார்ம்ல "வீட்டில் பேசும் மொழி", "வாசிக்கத் தெரிந்த எழுத்து"ன்னு ரெண்டு கேள்வி தனித்தனியா வைங்க. ஹிந்தி பேசுறவருக்கு ஹிந்தி நோட்டீஸ் படிக்க வரும்னு நம்பித்தான் பாதுகாப்பு அறிவிப்பு வீணாப் போகுது.

பேரை ஆதார்ல உள்ளபடியே ஏத்துங்க. நம்ம பழக்கத்துல அப்பா பேரை இனிஷியலா சேர்த்தா பி.எஃப். கணக்குல பேரு ஒத்துப்போகாது, பணம் எடுக்கும்போது அவருதான் அலைவாரு. கூப்பிடற பேரை அவர் வாயாலயே சொல்லச் சொல்லி தமிழ்ல எழுதி வைங்க. எல்லாரையும் "பையா"ன்னு கூப்பிடறதை விட்டாத்தான் ஒருத்தர் வருகையை இன்னொருத்தருக்குப் போடறது நிக்கும்.

"சொல்லாமப் போறாங்க" விஷயத்துல பெரும்பாலும் தப்பு நம்ம பக்கம். ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி திறக்குது. நாம லீவு பதிலைக் கடைசி வாரத்துல சொன்னா அதுக்குள்ள டிக்கெட் தீர்ந்துடும். 75 நாளைக்கு முன்னாடியே ஒவ்வொருத்தர்கிட்டயும் தேதி கேட்டு, முன்பதிவு திறக்கறதுக்குள்ள முடிவு சொல்லுங்க. தீபாவளிக்கு மொத்தமா லீவு விட்டா எல்லாருக்கும் பொருந்தாது. சத் பூஜை தீபாவளிக்கு ஆறாம் நாள், துர்கா பூஜை அதுக்கு முன்னாடி, ஒடிசாவோட ரஜ பண்டிகை ஜூன் நடுவுல, அசாமோட பிஹு ஏப்ரல் நடுவுல. அதுக்காக பீகார்னாலே சத் பூஜைன்னு நீங்களா எழுதிடாதீங்க. தங்கச்சி கல்யாணத்துக்குப் போகணும்னு இருப்பாரு, ஈத்துக்குப் போறவரா இருப்பாரு. கேட்டு எழுதுங்க.

ஐஈ_கோவை:

ஒண்ணு சேர்க்கணும். "ஒடியாப் பசங்க ஓவர்லாக்ல கில்லி"ன்னு (ஓவர்லாக்னா ஓரம் வெட்டித் தைக்கிற மெஷின்) பாராட்டறதும் இதே நோய்தான். அந்தப் பேச்சு பரவினா, பிளாட்லாக் கத்துக்க ஆசைப்படற ஒடிசாக்காரருக்கு அந்த மெஷின்ல உட்கார வாய்ப்பே வராது. நம்ம ஊர்ப் பெண்களைப் பத்தி "ஓவர்டைம் நிக்க மாட்டாங்க"ன்னு சொல்றதும் அப்படித்தான். ஆளாளாக் கேட்டா சிலர் நிப்பாங்க, சிலர் முடியாதுன்னுவாங்க.

பனியன்_ஹெச்ஆர்:

நன்றிங்க. சூப்பர்வைசர் இத்தனை கட்டம் எழுத நேரமில்லைன்னு சொல்வாரே?

மெர்ச்சன்_பல்லடம்:

அவர் எழுத வேண்டாம். பண்டில் சீட்டிலேயே டோக்கனும் மெஷின் நம்பரும் தைப்பவர் குறித்துவிடட்டும், செக்கிங்கில் கோளாறுக்கு மட்டும் ஒரு குறியீடு போதும். அவருடைய ரிப்போர்ட் படிவத்தில் "குறிப்பு" என்ற காலி இடத்தை எடுத்துவிட்டு, யார், எந்த ஆபரேஷன், எந்த மெஷின் என்று மூன்று கட்டம் வையுங்கள். மூன்றும் நிரம்பாத புகாரை ஏற்க வேண்டாம். இதை ஒரே நாளில் எல்லா லைனிலும் கொண்டுவராதீர்கள். ஒரு பவர்டேபிளில் (மெஷின்கள் வரிசையாக உள்ள தையல் மேசை) இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.