‘அன்செயின்ட் மெலடி’: வாழவைத்தது ‘கோஸ்ட்’ படமா, பாட்டேதானா?

மண்பானை: 1990இல் ‘கோஸ்ட்’ வராமல் போயிருந்தால் ரைட்டியஸ் பிரதர்ஸ் என்ற இரட்டைப் பாடகர்களின் இந்தப் பாட்டை இன்று யார் தேடிக் கேட்பார்கள்? டெமி மூர் பானை வனைய, பேட்ரிக் ஸ்வேஸி பின்னால் வந்து உட்காரும் அந்தக் காட்சிதான் இதைக் காப்பாற்றியது. 1965இல் வெளியிட்டபோது இது இசைத்தட்டின் பி பக்கத்தில், அதாவது முக்கியப் பாட்டுக்குப் பின்புறத்தில்தான் இருந்தது.

பழையரேடியோ: பி பக்கம்தான், சரி. ஆனால் வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள், அமெரிக்கப் பாடல் பட்டியலில் 4ஆம் இடம்வரை போனது. ‘கோஸ்ட்’ வர அப்போது இன்னும் 25 வருஷம் இருந்தது! பாட்டு அதற்கும் மூத்தது. 1955இல் ‘அன்செயின்ட்’ என்ற சிறைப் படத்துக்காக அலெக்ஸ் நார்த் இசையமைத்தார், ஹை ஸாரெட் எழுதினார். தலைப்பு வந்தது அந்தப் படத்திலிருந்து. வரிகளுக்குள் அந்தச் சொல்லே கிடையாது. அந்த வருஷமே லெஸ் பாக்ஸ்டர், அல் ஹிப்லர், ராய் ஹாமில்டன் மூவரின் பதிவுகளும் அங்கே முதல் பத்துக்குள் வந்தன.

மண்பானை: அந்தச் சிறைப் படம் இன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? சரியான காட்சி கிடைக்காமல் பாட்டு நிற்காது என்பதற்கு அதுவே சாட்சி.

பழையரேடியோ: எனக்கு நேர்மாறாகப் படுகிறது. படம் மறந்துபோயும் பாட்டு நின்றுவிட்டதே! கம்பிக்குப் பின்னால் இருக்கிறவன் பாடுவதாக நினைத்து ஒருமுறை கேளுங்கள். நேரம் நகரவே மாட்டேன் என்கிறது, அவள் இன்னும் தன்னவள்தானா என்று தெரியவில்லை, வீட்டுக்கு வந்துவிடுவேன், காத்திரு என்று கெஞ்சுகிறான். கைதிக்கு மட்டுமா அந்தத் தவிப்பு? வெளியூரில் வேலை பார்த்த ஆறு வருஷமும் எனக்கு இதுதான் துணை.

நள்ளிரவு: இருவரும் குரலை விட்டுவிட்டீர்கள். பெயர்தான் இரட்டையர்; இதில் பாடுவது பாபி ஹாட்ஃபீல்ட் மட்டும். அடக்கமாகத் தொடங்கி, கடைசியில் உன் அன்பு வேண்டும் என்று உச்சிக்கு ஏறும் இடத்தில் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. ‘கோஸ்ட்’ வந்த வருஷம் அவர் மறுபடி பாடிப் பதிந்தார். பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் அமெரிக்கப் பட்டியலில் இருந்தன.

மண்பானை: அந்த மறுபதிவே படத்தால் வந்ததுதானே! குரலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் களிமண் இல்லாமல் இந்தப் பாட்டு எனக்குக் கேட்காது.

பழையரேடியோ: பிரிட்டனில் நான்கு வெவ்வேறு பாடகர்கள் பாடி நான்கு முறை முதலிடம் பிடித்த பாட்டு இது. முதல் முறை 1955லேயே, ஜிம்மி யங் பாடி. அப்போது ஏது களிமண்?