சாஃப்ட் பேஸ்டல்: ‘உதிர்வண்ணம்’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நிறம் தரும் தூளை, அதாவது நிறமியை, சிறிது பிசினோடு பிசைந்து செய்த ஓவியக் கோல்தான் சாஃப்ட் பேஸ்டல். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் பேசிவருகிறோம். ‘மென்வண்ணம்’ போதும் என்று குழுவில் ஐயா எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று மாதமாக ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் ஊரின் கடற்கரையில் உட்கார்ந்து இந்தக் கோல்களோடு பழகிவருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

‘மென்’ என்றதும் மனம் வெளிர்நிறத்துக்குப் போய்விடும். ஜவுளிக்கடையில் பேஸ்டல் நிறம் என்றால் வெளுத்த ரோஜாவும் வெளுத்த பச்சையும்தான். நல்ல கோலிலோ நிறமி மிகுதி, பிசின் பேருக்குத்தான். நிறம் அப்படி அழுத்தமாக விழுகிறது. மென்மை கோலின் உடம்பில் இருக்கிறது, நிறத்தில் இல்லை.

குழுவில் அக்கா சொன்ன ‘பசைவண்ணம்’ சொற்பிறப்பின்படி சரி. இத்தாலிய மூலச்சொல் பிசைந்த கலவையைத்தான் குறிக்கிறது. ஆனால் தமிழில் பசை என்றால் ஒட்டுவது. இந்தக் கோலில் மிகக் குறைவாக இருப்பதே அதுதான். ‘சுண்ணக்கோல்’ அழகான சொல். ஆனால் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த கரை இது, இங்கே யாருக்கும் வேறு நினைவு வராது. கரும்பலகையின் சுண்ணக்கட்டியும் குறுக்கே வரும்.

அம்மா புட்டுக்கு மாவு பிசிறும்போது ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். இந்தக் கோலின் பக்குவமும் அதுவே. ஆகவே என் பரிந்துரை: வண்ணத்துக்கு ‘உதிர்வண்ணம்’, கோலுக்கு ‘உதிர்கோல்’. வினைத்தொகை என்பதால் உதிர்ந்தது, உதிர்கிறது, உதிரப்போவது மூன்றும் அதில் அடங்கும். ஆயில் பேஸ்டல் உதிராது, மெழுகும் எண்ணெயும் சேர்ந்து அப்பிக்கொள்ளும், அதற்கு ‘எண்ணெய்க்கோல்’. இந்த வேறுபாடு பெயரிலேயே இருந்திருந்தால், கடையில் பேஸ்டல் என்று மட்டும் கேட்டு எண்ணெய்க்கோல் பெட்டியோடு வீடு திரும்பியிருக்க மாட்டேன்.

உதிர்வது நிலைக்காது என்ற பொருள் வருமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. வெனிஸ் ஓவியர் ரொசால்பா கரியேரா (1673–1757) இவ்வண்ணத்தில் தீட்டிய முகங்கள் இன்றும் நிறத்தோடு இருக்கின்றன. எண்ணெய் இல்லாததால் மஞ்சளாகப் பழுப்பதில்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தால் போதும், துகள் தாளிலேயே தங்கிவிடும்.

அப்படித் தங்க, தாளுக்குச் சொரசொரப்பு வேண்டும். ஆங்கிலத்தில் அதைத் தாளின் பல் என்கிறார்கள். நமக்குப் பல் எதற்கு? வெள்ளரிப் பிஞ்சின் மேல் கையில் உறுத்துகிற ‘சுணை’ இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளலாம். சுணையுள்ள தாள், சுணையற்ற தாள். முதல் நாள் நான் வழவழப்பான சார்ட் தாளில் பாக் நீரிணையின் காலை நீலத்தைத் தேய்த்தேன். நீலம் வழுக்கி ஓரத்தில் குவிந்தது, மிச்சத்தைக் காற்று எடுத்துக்கொண்டு போனது. சுணைத்தாளில் கருநீலத்தை அடியில் போட்டு, மேலே பச்சை, கடைசியில் வெளிச்சத்துக்கு ஒரே ஒரு வெள்ளைக் கீற்று என்று ஏற்றியபோதுதான் கடல் வந்தது. தட்டில் குழைக்க முடியாத வண்ணம் இது, தாளிலேயே கலக்க வேண்டும். விரலால் தேய்த்துக் கலப்பதை ‘இழைத்தல்’ என்போமா?

உதிர்வண்ணம் என்ற பெயர் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. உதிர்ந்த துகளை வாயால் ஊதக்கூடாது. சில நிறமிகள் மூச்சுக்குக் கேடு. பலகையைச் சாய்த்துத் தட்ட வேண்டும்.

துகளை நிறுத்தத் தெளிக்கும் ஃபிக்சேட்டிவுக்கு எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. ‘நிலைப்பி’ வரை வந்து நிற்கிறேன். ஐயாவும் அக்காவும் சொல்லுங்கள்.