பாலக்காட்டு ஈரத்தில் ஹெட்ஃபோன் சேகரிப்பு: அடுத்து எதை வாங்குவது, எப்படிக் காப்பது, நாலு பேர் கூடி எப்படிக் கேட்பது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். இப்ப கையில இருக்கறது ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ், காஸ் போர்ட்டா ப்ரோ, மூன்ட்ராப் சூ இயர்ஃபோன். ஆண்ட்ராய்டு போன்ல ஆப்பிள் டாங்கிள் (போனோட யூஎஸ்பி துளைல ஹெட்ஃபோன் மாட்ட உதவற குட்டி ஒயர்) மாட்டிக் கேட்கறேன். அதிகமா கேட்கறது கச்சேரி, பஞ்சவாத்தியம் (கேரளக் கோயில் மேளம்), பழைய சினிமாப் பாட்டு. இனி வருஷத்துக்கு ஒண்ணுன்னு யோசிச்சு வாங்கிச் சேர்க்கலாம்னு இருக்கேன்.

அடுத்தது செனைசர் எச்டி 600-ஆ, ஹைஃபைமேன் எச்ஈ400எஸ்ஈ-யா? ரெண்டுக்கும் தனி ஆம்ப் (ஒலி பெருக்கற கருவி) வேணுமா? எம்50எக்ஸ் பேட் (காதுல படற மெத்தை) கறுப்புத் தோல் செதில் செதிலா காதுல ஒட்டுது, இந்த ஊர் மழைக்கு அப்படித்தான் ஆகுமா? கடைசியா ஒண்ணு: மார்கழி வாக்குல பொள்ளாச்சி, சித்தூர், கோயமுத்தூர் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு ஞாயித்துக்கிழமை அவங்கவங்க ஹெட்ஃபோனோட கூடலாம்னு பேச்சு. ஒழுங்கா ஒப்பிட்டுக் கேட்க என்ன ஏற்பாடு செய்யணும்?

சித்தூர்ப்புழை:

தம்பி, எம்50எக்ஸ் மூடிய வகை (கப்பின் வெளிப்பக்கம் அடைத்தது), அடித்தொனியும் உச்சமும் தூக்கலானது. போர்ட்டா ப்ரோ திறந்த வகைதான், ஆனால் அதிலும் கீழ்த்தொனி தடித்திருக்கும். ஆக உங்களிடம் இல்லாதது நடுத்தொனி நேர்மையாக ஒலிக்கும் திறந்த ஹெட்ஃபோன். கச்சேரிதான் முக்கியம் என்றால் எச்டி 600 வாங்குங்கள். 1997-இல் வந்த மாடல், இன்றைக்கும் மனிதக் குரலுக்கு அதைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள். பாடகர், வயலின் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கொஞ்சம் மெலிந்து கேட்கும், ஏனென்றால் ஆழமான அடித்தொனியில் எச்டி 600-இன் ஒலி இறங்கிவிடும். எச்ஈ400எஸ்ஈ பிளேனர் வகை (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலிப்பது), அந்த இடத்தில் அது இன்னும் கீழே வரை சமமாகப் போகும். குரலின் நெருக்கத்தில் எச்டி 600-க்குப் பின்னால்தான்.

ஆம்ப் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். உரத்த இடங்களில் 110 டெசிபல் உச்சம் வேண்டும் என்று வைப்போம். எச்டி 600-இன் மின்மறுப்பு (மின்சாரத்துக்குக் காட்டும் தடை) 300 ஓம், உணர்திறன் மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் என்று கொண்டால் இன்னும் 13 டெசிபல் தேவை, அதாவது 20 மில்லிவாட். அதற்கு வேண்டிய மின்னழுத்தம் கிட்டத்தட்ட 2.45 வோல்ட், மின்னோட்டமோ 8 மில்லி ஆம்பியர்தான். எச்ஈ400எஸ்ஈ 25 ஓம், 91 டெசிபல். அதற்கு 80 மில்லிவாட் வேண்டும், 1.4 வோல்ட் போதும், ஆனால் 56 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஒன்றுக்கு வோல்ட் பசி, மற்றதற்கு ஆம்பியர் பசி. ஆம்ப் வாங்கும்போது 300 ஓமில் எவ்வளவு, 32 ஓமில் எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் பாருங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு வாட் எண்தான் போட்டிருக்கிறது என்றால் அது உங்களுக்கு எதையும் சொல்லாது.

ஆப்பிள் டாங்கிள் ஐபோனில் 1 வோல்ட் வரை தரும். பல ஆண்ட்ராய்டு போன்களில் அதன் பாதிதான் வரும், கோளாறு போன் டாங்கிளைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ மாதிரி டாங்கிளோடு நேரடியாகப் பேசும் செயலியில் முழு ஒலி கிடைக்கும். அப்படிப் பார்த்தால் எச்டி 600 அந்த டாங்கிளிலேயே அமைதியான அறையில் கேட்கும் அளவுக்கு ஓடும், 102 டெசிபல் உச்சம் வரும். முதலில் ஹெட்ஃபோனை வாங்கிக் கேளுங்கள், போதவில்லை என்று காது சொன்னால் ஆம்ப் வாங்கலாம்.

வால்வு ஆம்ப் ஆசை இருந்தால் ஒரு விஷயம். ஆம்ப்பின் வெளியீட்டு மின்மறுப்பு ஹெட்ஃபோன் ஓம் எண்ணில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. எச்டி 600-இன் மின்மறுப்பு எல்லாச் சுருதியிலும் 300 இல்லை, கீழ்த்தொனிப் பக்கம் ஏறும். மின்மறுப்பு கூடிய வால்வு ஆம்ப்பில் மாட்டினால் அந்த இடம் உப்பும். சிலருக்கு அது பிடிக்கும், மிருதங்கம் கனக்கும். பிளேனரின் மின்மறுப்பு தட்டையானது என்பதால் அதில் தொனி மாறாது.

பஞ்சவாத்தியத்துக்கென்று யாராவது பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ ஹெட்ஃபோனைச் சொன்னால் முதலில் கடன் வாங்கிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அதன் உச்சத்தில் 8 கிலோஹெர்ட்ஸ் சுற்றி ஒரு மேடு உண்டு. இலத்தாளமும் (கைத்தாளம்) கொம்பும் அந்த இடத்தில் குத்தும், அரை மணி நேரத்தில் காது சோர்ந்துவிடும். அடுத்ததை வாங்குவதற்கு முன்னால் போனில் வேவ்லெட் செயலியைப் போட்டு எம்50எக்ஸ்-க்கான தொனித் திருத்தத்தைப் பயன்படுத்திப் பாருங்கள். எந்தச் சுருதியை எவ்வளவு ஏற்றுகிறீர்களோ அவ்வளவு டெசிபல் மொத்த ஒலியைக் குறைத்துவிட வேண்டும், இல்லையென்றால் உச்சத்தில் கரகரக்கும். தொனி மட்டும்தான் குறை என்றால் பணம் மிச்சம். திறப்பு, எடை, காதில் உட்காரும் விதம் இதெல்லாம் திருத்தத்தால் வராது, அதற்காகத்தான் இன்னொரு ஹெட்ஃபோன்.

மீனாட்சிபுரத்து வீணை:

பேட் விஷயம் நான் சொல்றேன். அந்தக் கறுப்புத் தோல் மேல இருக்கறது பாலியூரித்தேன் பூச்சு. காத்து ஈரமும் வேர்வையும் சேர்ந்து அதை மெல்ல அறுத்துடும். பிரிக்காம பொட்டிக்குள்ள வச்சிருந்தாலும் நடக்கும். அதனால ஸ்பேர் பேட் நாலு ஜோடி மொத்தமா வாங்கி அடுக்காதீங்க, தேவைப்படறப்ப ஒரு ஜோடி போதும்.

எம்50எக்ஸ் பேட் மாத்தறது சுலபங்க. பேட் பின்னாடி ஒரு மெல்லிய மடிப்பு கப்பைச் சுத்தி உள்ள காடிக்குள்ள உட்கார்ந்திருக்கும். ஒரு மூலையைப் புடிச்சு மெதுவா உரிச்சா வந்துடும். புதுசு போடறப்ப மடிப்பை ஒரு இடத்துல காடிக்குள்ள நுழைச்சு, விசிட்டிங் கார்டு முனையால தள்ளிக்கிட்டே பேடைச் சுத்துங்க, தானா உள்ள போயிடும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், மடிப்பு கிழிஞ்சா அப்புறம் காத்து ஒழுகி அடித்தொனி போயிடும். மூடிய ஹெட்ஃபோன்ல பேட் ஒட்டற அளவுக்குத்தான் பேஸ். கண்ணாடி போடறவங்களுக்கு தடி ஃபிரேமும் இதே வேலை பண்ணும். தடிமனான வேற கம்பெனி பேட் போட்டா காதுக்கும் டிரைவருக்கும் (கப்புக்குள்ள ஒலி எழுப்பற பாகம்) தூரம் மாறி சத்தமே வேற ஆயிடும், அது தெரிஞ்சு போடுங்க.

எச்டி 600 வெல்வெட் மாதிரி துணிப் பேட், உரியாது. ஆனா அமுங்கும். அமுங்கினா காது டிரைவர் பக்கத்துல போய் மேல்நடுத்தொனி கூர்மையாத் தெரியும். அழுக்கானா கழட்டி வெதுவெதுப்பான தண்ணில துளி ஷாம்பு விட்டு அலசி, துண்டுல வச்சு அமுக்கி, நிழல்ல ரெண்டு நாள் காய விடுங்க. முறுக்கிப் பிழியாதீங்க, வெயில் கூடவே கூடாது.

எங்கே வைக்கறதுன்னா, 25 லிட்டர் அரிசி டப்பா, ரப்பர் விளிம்பு இருக்கற மாதிரி ஒண்ணு. உள்ள அரை கிலோ ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் துணிப்பையில, சின்ன ஈரமானி ஒண்ணு. ஈரப்பதம் 45-லேர்ந்து 50 சதவீதத்துல நிறுத்துங்க. 65 தாண்டி நாள் கணக்கா நின்னா பூஞ்சை வரும், ஆனி ஆடியில நம்ம வீட்டு அலமாரி அதைச் சாதாரணமாத் தாண்டும். அதேசமயம் தை மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வரண்டு அடிக்கறப்ப ஜெல்லை எடுத்துடுங்க, ரொம்ப வரண்டா நிஜத்தோல் ஹெட்பேண்டு வெடிக்கும்.

ஜெல் பச்சையானா ஓவன்ல 120 டிகிரில ரெண்டு மணி நேரம். ஓவன் இல்லைன்னா பழைய இரும்புச் சட்டியில சின்னத் தீயில கிளறிக்கிட்டே இருந்தா ஆரஞ்சு திரும்பும், அந்தச் சட்டில மறுபடி சமைக்கக் கூடாது. கேட்டு முடிச்சதும் வேர்வையோட டப்பாவுக்குள்ள போடாதீங்க, துடைச்சு ஒரு மணி நேரம் ஆற விட்டு வைங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

ரொம்ப நன்றிக்கா. அம்மா அலமாரி முழுக்க அந்துருண்டை போட்டு வச்சிருக்காங்க, டப்பாக்குள்ளயும் ரெண்டு போடலாமா? அண்ணா சொன்ன மாதிரி எச்டி 600 முடிவு பண்ணிட்டேன்.

மீனாட்சிபுரத்து வீணை:

வேண்டவே வேண்டாம் தம்பி. அந்த ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கும், வாசனை ஃபோம்ல ஏறினா போகவே போகாது. மூடி இறுக்கமா இருந்தா பூச்சி எங்கேர்ந்து வரும்?

கஞ்சிக்கோடு ஓம்:

கூட்டத்தைப் பத்தி எழுதறேன், ஏன்னா பெரும்பாலான கூட்டத்துல ஒப்பீடுங்கற பேர்ல நடக்கறது சத்தமா வச்சவனோட ஹெட்ஃபோன் ஜெயிக்கறதுதான். ஒரு டெசிபல் கூட இருந்தாலே காது அதை "தெளிவு"ன்னு எடுத்துக்கும்.

சம ஒலிக்கு வழி இருக்கு. பழைய சிடி ஒண்ணு எடுங்க, நடு ஓட்டை 15 மில்லிமீட்டர். ஒலிமானியோட (சத்தத்தை டெசிபல்ல அளக்கற கருவி) மைக்கை அந்த ஓட்டையில நிறுத்தி, இடுக்கைக் களிமண் மாதிரி ஒட்டற டேப்பால அடைச்சு, பேட் நடுவுல வர்ற மாதிரி சிடி மேல ஹெட்ஃபோனைக் கவிழ்த்து வைங்க. 500-லேர்ந்து 2000 ஹெர்ட்ஸ் வரைக்கும் வெட்டின பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான இரைச்சல் ஒலி) ஓட விடுங்க. முழு நாய்ஸ் வச்சா பேஸ் அதிகமான ஹெட்ஃபோன் மீட்டரை ஏமாத்தும். ஒவ்வொண்ணும் 75 டெசிபல் காட்டற இடத்துல ஆம்ப் குமிழ் பக்கத்துல காகித டேப் ஒட்டிக் கோடு போடுங்க. ஒரே ஹெட்ஃபோனை மூணு தடவை எடுத்து வச்சுப் பாருங்க, எண் 1 டெசிபலுக்கு மேல ஆடினா வைக்கற விதம் சரியில்லை. இயர்ஃபோனுக்கு இது ஆகாது, அதே நாய்ஸை வச்சுக் காதாலதான் சரி பண்ணணும்.

போன், ஆம்ப், பதிவு மூணும் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கட்டும். ஸ்ப்ளிட்டர் (ஒரு துளையை ரெண்டாப் பிரிக்கற முனை) போட்டு ரெண்டு பேர் ஒரே ஆம்ப்ல கேட்காதீங்க, வெளியீட்டு மின்மறுப்பு கூடின ஆம்ப்ல ரெண்டோட அளவும் மாறும். பதிவுக்கு மூணு போதும்: தம்புரா நல்லாத் தெரியற ஒரு ஆலாபனை, திமிலை மேளமும் மத்தளமும் இலத்தாளமும் சேர்ந்து ஏறற ஒரு பஞ்சவாத்தியப் பகுதி, நல்லா ஒலிப்பதிவு பண்ணின ஒரு சினிமாப் பாட்டு. செம்பை, பாலக்காடு மணி ஐயர் காலத்துப் பதிவு கேட்க ஆசை இருக்கும், கேளுங்க, ஆனா உச்சத்தொனியைத் தீர்மானிக்க அதை எடுக்காதீங்க. அதுல பலதும் மோனோ, கரகரப்பும் நாடா இரைச்சலும்தான் மேல கேட்கும்.

எச்டி 600-ல தொடங்கி, ஒவ்வொரு ரெண்டு ஹெட்ஃபோனுக்கும் நடுவுல அதுக்கே திரும்பி வாங்க, ஏன்னா காது பத்து நிமிஷத்துல எந்தத் தொனிக்கும் பழகிடும். கேட்டவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி காகிதத்துல எழுதிடணும். ஒருத்தர் "பேஸ் குறைவு"ன்னு சொல்லிட்டா மீதி அறுவருக்கும் அப்படியே கேட்கும்.

ஃபேனை நிறுத்தணும், திறந்த ஹெட்ஃபோன்ல ஃபேன் சத்தம் தம்புராவை விழுங்கிடும். அதனாலதான் மார்கழி நல்ல மாசம், காலைல ஏழு மணிக்கே ஆரம்பிங்க. கணவாய்க் காத்து ஜன்னலை ஆட்டாத பக்க அறையாப் பாருங்க. லேப்டாப் வச்சா சார்ஜரைக் கழட்டி பேட்டரில ஓட்டுங்க, ரெண்டு முள் அடாப்டரால வர்ற ஹம் போயிடும்.

ஒவ்வொரு ஹெட்ஃபோன்லயும் சீட்டு கட்டுங்க: யாரோடது, எத்தனை ஓம், ஆம்ப் கெயின் (பெருக்கற அளவு) எது. முக்கியமா 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு (இடது வலதுக்குத் தனித்தனி நெகட்டிவ் இருக்கற) ஆம்ப்ல, 3.5 முனை இருக்கற ஹெட்ஃபோனை அடாப்டர் போட்டு யாரும் சொருகக் கூடாது. இடது வலது ரெண்டோட நெகட்டிவும் ஒண்ணாச் சேர்ந்து ஷார்ட் ஆகி ஆம்ப் போயிடும். பேலன்ஸ்டு முனை ஹெட்ஃபோனைச் சாதாரண ஆம்ப்ல அடாப்டர் வழியாப் போடறதுல ஆபத்து இல்லை. ஹெட்ஃபோனை மாத்தறதுக்கு முன்னாடி குமிழைக் கீழ இறக்கறது பழக்கமாகணும், 300 ஓமுக்கு வச்ச இடத்துல சூ இயர்ஃபோனைச் சொருகினா காதுக்குக் கெடுதல்.

இன்னொண்ணு, அன்னைக்கு யாரும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வச்சுட்டு வர வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. துணிப் பேட்ல எண்ணெய் இறங்கினா அலசினாலும் வாடை நிக்கும். ஸ்பிரிட்டால பேடைத் துடைக்காதீங்க, தோல் பூச்சு இன்னும் சீக்கிரம் வெடிக்கும். ஈரத்துணி போதும். இயர்ஃபோன் முனை ரப்பர் அவங்கவங்க கொண்டு வரணும்.

சித்தூர்ப்புழை:

கஞ்சிக்கோடு ஓம் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பிளேனர் கொண்டுவருபவர் கப்பைக் காதில் சட்டென்று அழுத்திப் போட வேண்டாம், உள்ளே அடைபட்ட காற்று படலத்தை வளைக்கும். மெல்ல வைத்துப் பழக்குங்கள். என்னிடம் ஒலிமானி இருக்கிறது தம்பி, தேதி முடிவானதும் சொல்லுங்கள், சிடியும் டேப்பும் நானே கொண்டு வருகிறேன்.