மறுமொழி: இரும்புத் தலைக்கவசத்துக்குள் அணியும் குல்லாய்க்குச் சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

சிறுவர் கலைக்களஞ்சியத்தில் ஐரோப்பியக் கவசங்கள் பற்றிய பக்கம் திங்களன்று அச்சுக்குப் போகிறது. குதிரையில் எதிரெதிரே பாய்ந்து ஈட்டியால் மோதும் வீரர்கள், இரும்புத் தலைக்கவசத்துக்குள் கனமாகத் தைத்த குல்லாய் அணிந்தார்கள். வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள 15ஆம் நூற்றாண்டுக் குல்லாயின் படத்தைப் போடுகிறோம். 'பஞ்சுக்குல்லாய்' சரியா?

---

> பஞ்சுக்குல்லாய்

பஞ்சு என்றால் பிள்ளைகள் பருத்தியை நினைப்பார்கள், அடைத்தது நார்ச்சக்கை. குல்லாயோ பாரசீகச் சொல். தலையில் பாரம் ஏற்றுமுன் அடியில் வைக்கும் சும்மாடு, அதாவது சுமடு, நம்மிடம் இருக்கக் கடன் எதற்கு? பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்கும் ஆய்மகள் பானையைச் சுமட்டின்மேல்தான் வைத்துப் போகிறாள். மலையாளத்தில் சுமடு என்றால் சுமையே. தாங்குவதும் தாங்கப்படுவதும் ஒரே வேரில் நிற்கின்றன, பாருங்கள்! 'கவசச்சுமடு' என்பதே என் பரிந்துரை.

---

ஐயா, சொல் அழகானது, பொருள்தான் இடறுகிறது. இந்த ஈட்டிப் போட்டிக்கான ஜெர்மானியத் தலைக்கவசங்களில் சில 8 கிலோவைத் தாண்டும். அவற்றை மார்புக் கவசத்தோடு திருகாணியால் முடுக்கிவிடுவார்கள். பாரம் தோளில் இறங்கிவிடும். குல்லாயின் நாடாக்களைக் கவசத்தின் துளைகள் வழியே இழுத்துக் கட்டுவார்கள். ஈட்டி மோதும்போது தலை இரும்பில் இடிக்காமல் நடுவில் நிற்க வேண்டும், அதற்காகத்தான். சுமக்காத ஒன்றைச் சுமடு என்பது எப்படி? தலையணையில் உள்ள அணையை எடுத்து 'உள்ளணை' எனலாம்.

---

> உள்ளணை

பத்து வயதுக் குழந்தைக்கு அணை என்றால் மேட்டூர்தான். வகுப்பில் நாள்தோறும் பார்க்கிறேன். 'மெத்துறை' எப்படி? மெத்து + உறை.

---

மெத் + துறை என்று பிரித்துப் படித்து, அது எந்த அரசுத் துறை என்று கேட்பார்கள். வேண்டாம். குல்லாய் தமிழ்நாட்டில் எல்லார் தலையிலும் ஏறிவிட்ட சொல். 'மெத்துக்குல்லாய்' என்று வைத்துக்கொண்டு அச்சுக்கு அனுப்புங்கள் அம்மா.

---

நால்வர் ஒப்பியதால் 'மெத்துக்குல்லாய்' என்றே கோப்பை அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

---

அச்சுக்குப் போனது போகட்டும். மார்புக் கவசத்தோடு திருகிய தலைக்கவசத்துக்குச் சுமடு பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனால் போர்க்களத்தில் காலாள் வீரன் அணிந்த சாதாரண இரும்புத்தொப்பியின் பாரம் அவன் தலைமேல்தானே இறங்கியது? அதனடியில் இருந்த திண்டுக்கும் குல்லாய்தானா? அடுத்த தொகுதியில் காலாட்படை வருகிறது என்றீர்கள். அதற்குள் இந்த இழையை மூடிவிட வேண்டாம்.