மெத்தனால் பம்ப் விட்டு விட்டு ஓடுகிறது, சென்சாரை எங்கே வைப்பது?

கோவை டர்போ:
வணக்கம். என்னுடையது 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டி, பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) 14 பிஎஸ்ஐ. கோடையில் ட்ராக்கில் மூன்றாவது சுற்றிலேயே இன்டேக் காற்று 60 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. அதனால் மெத்தனாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து தெளிக்க ஏற்பாடு செய்தேன். பூஸ்ட் 8 தாண்டி, காற்றும் 45 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் பம்ப் ஓடும். ஆனால் இரண்டு நொடிக்கு ஒருமுறை நின்று நின்று ஓடுகிறது. டக் டக்கென்று ரிலே சத்தம் கேபின் வரை கேட்கிறது, வண்டியும் கூடவே ஜெர்க் அடிக்கிறது. தெளிக்கும் நாசில் த்ராட்டில் பாடிக்கு முன்னால், காற்றின் சூட்டை அளக்கும் சென்சார் அதைத் தாண்டி மேனிஃபோல்டில். எங்கே தப்பு?

மணி மெக்கானிக்:
சென்சார் நனைகிறது தம்பி. மேலே ஒட்டிய துளி ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். உடனே 45-க்குக் கீழே காட்டும், பம்ப் நிற்கும். காய்ந்ததும் மறுபடி ஓடும். பம்புக்கான சென்சாரை இன்டர்கூலருக்கும் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) நாசிலுக்கும் நடுவில் மாற்றுங்கள். 45-இல் தொடங்கி 40-இல் நிற்கும்படி இடைவெளியும் விடுங்கள். நாசிலை ஒட்டி மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு வால்வு அவசியம், இல்லாவிட்டால் பம்ப் நின்ற பிறகும் குழாயில் மிச்சமிருப்பது உள்ளே சொட்டும்.
சரி, மெத்தனாலை நம்பி டைமிங்கை (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) ஏற்றியிருக்கிறீர்களா?

கோவை டர்போ:
ஆமாம் அண்ணா, 3 டிகிரி.

மணி மெக்கானிக்:
அப்படியானால் முதலில் அதைக் குறையுங்கள். மெத்தனால் காற்றைக் குளிர்விப்பதோடு ஆக்டேனையும் கூட்டுகிறது. காற்று 40 டிகிரியில் இருக்கும்போது தெளிப்பு இல்லை, ஆனால் டைமிங் மட்டும் ஏறியே இருக்கிறது. நாக்கிங் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் தானே வெடிப்பது) வந்தால் பிஸ்டன் போய்விடும். குழாயில் ஃப்ளோ சென்சார் போட்டு, திரவம் ஓடுகிறது என்ற சிக்னல் இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கு வந்தால் மட்டும் அந்த 3 டிகிரியைக் கொடுங்கள்.

பழைய இன்ஜின்:
1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரிலேயே இந்த யோசனை இருந்தது. அதிலும் மெத்தனால், தண்ணீர்க் கலவைதான். டேங்க் காலியானால் ஒரு வால்வு மூடி பூஸ்ட்டைக் கட்டுப்படுத்திவிடும். நீங்களும் டேங்கில் லெவல் சுவிட்ச் வைத்து பூஸ்ட்டைக் குறைக்கச் செய்யுங்கள்.
அப்புறம், கலக்கும்போது கையுறை கட்டாயம். மெத்தனால் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். தீப்பிடித்தால் பகலில் அந்தச் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது.

கோவை டர்போ:
சென்சாரை மாற்றி, 3 டிகிரியைக் கழற்றிவிட்டு நேற்று ஓட்டினேன். நேர்ப்பாதை முழுக்க ரிலே ஒரே ஒரு முறைதான் தட்டியது, ஜெர்க் இல்லை. ஃப்ளோ சென்சார் வரும்வரை டைமிங் இப்படியே இருக்கட்டும். ரொம்ப நன்றி அண்ணா.