பெருங்களத்தூர் கடைவீதிக்கு மாநகராட்சியிடம் என்ன கேட்கலாம்?

கேள்வி:
ஜி.எஸ்.டி. சாலையில் 14 வருடமாகப் பழச்சாறு கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை இரவென்றால் தென்மாவட்டப் பேருந்துக்கு நிற்கும் கூட்டத்தால் மிக்சி ஓயாது. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு அந்தக் கூட்டம் அங்கே போய்விட்டது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டோம். மனுவில் என்ன கேட்கலாம்?

பதில் 1:
அகலமான நடைபாதை கேளுங்கள் அண்ணே. 2019-இல் சென்னை தி.நகர் பாண்டி பஜாரில் போட்டார்களே, அதுபோல. நடந்து போகிறவர்தான் கடைக்குள் எட்டிப் பார்ப்பார்.

பதில் 2:
அதைவிட முதலில் தெருவிளக்கு. ரயிலில் இறங்கி வரும்போது இருட்டுக்குப் பயந்தே நான் நேராக ஆட்டோ ஏறிவிடுகிறேன்.

கேட்டவர்:
சரிங்கம்மா, விளக்குதான் முதலில். பக்கத்துக் கடைக்காரர்களிடமும் கையெழுத்து வாங்குகிறேன்.