மறு: மறு: ‘ஹார்டி பாம்’ – பனிப்பனையா, குளிர்தாங்கு பனையா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கேள்வியைத் தொடக்கிவைத்தவன் நான்தான், ஆனால் மூன்று நாளாக வாயைத் திறக்காமல் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஏனென்றால் நான் கேட்டது ஒரு சொல், வந்து குவிந்தது ஒன்பது. இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: இங்கே தென் இங்கிலாந்தில் எங்கள் சனங்கள் சிலர் வீட்டுப் பின்வளவில் பனைக் குடும்பத்து மரம் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். யாழ்ப்பாணத்துப் பனை இங்கே வராது, அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் உறைபனியைத் தாங்கக்கூடிய பனை வகைகள் சில உண்டு. அவற்றைப் பற்றி நான்கு பக்கத்தில் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். குளிருக்குச் சாகாமல் வெளியே நிற்கிற செடியை ஆங்கிலத்தில் ‘ஹார்டி’ (hardy) என்கிறார்களே, அந்தச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்பதில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

> பனிப்பனை என்றே வைத்துவிடலாமே. எதுகையும் மோனையும் தானாக வந்து விழுகிறது.

விழுகிறதுதான் தங்கச்சி. எனக்கும் முதலில் அதுதான் வாயில் வந்தது. ஆனால் பனி என்றால் எந்தப் பனி? மார்கழிக் காலையில் புல்லில் நிற்கிற துளியும் பனிதான், மூடுபனியும் பனிதான், சூரிச்சில் உங்கள் வாசலில் நீங்கள் அள்ளித் தள்ளுவதும் பனிதான். ஊட்டிச் செய்திகளில் மட்டும்தான் நீர்ப்பனி வேறு, உறைபனி வேறு என்று பிரித்து எழுதுகிறார்கள். இன்னொன்று, பனிப்பனை என்றால் பனியை விரும்புகிற பனை என்ற நினைப்பு வந்துவிடும். இந்த மரங்கள் எதுவும் பனியை விரும்புவதில்லை, சகித்துக்கொள்கின்றன, அவ்வளவே.

‘கூதிர்ப்பனை’ சொன்ன தம்பிக்கு: சொல் அழகு, ஆனால் கூதிர் ஐப்பசி கார்த்திகைக்கு உரியது, அது மழைக்குளிர். பேச்சில் நாங்கள் இன்னும் ‘கூதல்’ என்கிறோம், அதுவும் உடம்பு நடுங்குவதைச் சொல்கிற சொல். மரத்துக்குக் கூதல் அடிக்காது.

> நோய் எதிர்ப்பு என்பதுபோல் குளிரெதிர்ப்புப் பனை எனலாம்.

இதில்தான் எனக்கு உண்மையான கருத்து வேறுபாடு. நோயை உடம்பு எதிர்க்கிறது, சண்டை போடுகிறது, வெல்கிறது. குளிரோடு மரம் சண்டை போடுவதில்லை. காற்று −8 பாகை (செல்சியஸ்) என்றால் ஓலையும் ஏறத்தாழ அதே −8தான். உள்ளே கலங்களுக்கு வெளியே இருக்கிற நீர் முதலில் உறையும், அது கலத்துக்குள் இருக்கிற நீரையும் வெளியே இழுக்கும். எவ்வளவு தூரம் இழுத்தாலும் கலம் பிழைக்கிறதோ அவ்வளவு தூரம் அந்த மரம் தாங்கும். எனவே சொல் ‘தாங்கு’தான். ‘வறட்சி தாங்கும் ரகம்’ என்று தமிழ்நாட்டு விவசாயி பல காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அதையே எடுத்துக்கொள்வோமே.

இன்னொரு வசதியும் உண்டு, எனக்கு இதுதான் பெரிய காரணம். தமிழில் ‘தாங்கும்’ என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும்: எவ்வளவு தாங்கும்? கயிறு தாங்குமா, கதிரை தாங்குமா என்று கேட்கிற ஆட்கள் நாங்கள். ‘ஹார்டி’ என்ற சொல் அந்தக் கேள்வியைக் கேட்கவிடாது, அதனால்தான் நான் ஒரு மரத்தை இழந்தேன்.

சொல்கிறேன். 2010 வசந்தத்தில் இங்கே ஒரு நாற்றுமேடையில் சூசான் பனை (சீனத்துப் பனை வகை) ஒன்று வாங்கினேன், முழங்கால் உயரம். அட்டையில் ‘ஹார்டி’ என்று ஒரே ஒரு சொல், பக்கத்தில் ஒரு பூ வடிவம். இலக்கம் எதுவும் இல்லை. நிலத்தில் வைக்காமல் பெரிய சட்டியிலேயே விட்டுவிட்டேன். அந்த டிசெம்பர், நூறு ஆண்டுகளில் பிரித்தானியா காணாத குளிர் டிசெம்பர். என் வளவு வெப்பமானி −8 காட்டியது. வெண்பனி விழுந்து ஓலைகளின் நடுவே கொண்டையில் தங்கி, பகலில் உருகி, இரவில் திரும்ப உறைந்து, இப்படியே இரண்டு கிழமை. ஓலை எல்லாம் பச்சையாகத்தான் நின்றது, பிழைத்துவிட்டது என்று நானும் நிம்மதியாக இருந்தேன். மார்ச்சில் ஒருநாள் குருத்தைச் சும்மா இரண்டு விரலால் பிடித்தேன், உருவிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் மண்ணிறமாக, கொழகொழவென்று, மூன்று நாள் கள்ளு மணம்.

சூசான் பனைக்குப் பிரித்தானிய அரச தோட்டக்கலைச் சங்கம் கொடுத்திருக்கிற தரம் எச்5, அதாவது −10 முதல் −15 வரை. அப்படியென்றால் −8இல் ஏன் அழுகியது? சட்டியில் வேர் நாலு பக்கமும் குளிரில் நின்றது, கன்று சின்னது, கொண்டையில் ஈரம். அந்த இலக்கம் நிலத்தில் ஊன்றி வளர்ந்த மரத்துக்கு. நாள் கணக்கும் ஈரமும் அதற்குள் அடங்காது. எனவே கையேட்டில் ‘குளிர்தாங்கு பனை’ என்று எழுதுகிற ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் பாகை போடப்போகிறேன், ‘குளிர்தாங்கு எல்லை −12’ என்பதுபோல. சட்டியில் நிற்கிற கன்று ஐந்து பாகை குறைவாகத்தான் தாங்கும், −12 என்றால் −7 என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதுவேன், அது என் கைக்கணக்கு, யாரும் சான்று கேட்காதீர்கள்.

> கோடை வெப்பத்தையும் சேர்த்துச் சொல்லும் சொல் வேண்டாமா?

நல்ல கேள்வி ஐயா, ஆனால் ஒரு சொல்லின் தலையில் எல்லாப் பாரத்தையும் ஏற்ற முடியாது. தென்கிழக்கு அமெரிக்காவின் ஊசிப்பனையைப் பாருங்கள், அடியில் கறுப்பு ஊசி ஊசியாக நிற்குமே, அது. பனைக் குடும்பத்திலேயே குளிருக்கு மிகவும் அசையாதது அதுதான், −20 வரை போய்வரும். ஆனால் இங்கிலாந்தில் அது செத்தும் போகாது, வளர்ந்தும் தொலைக்காது. அதற்கு வியர்த்து ஒழுகுகிற கோடை வேண்டும், எங்களுடைய கோடை அதற்குப் போதாது. சூசான் பனை அப்படியில்லை, சீனத்து மலையடிவாரத்து மரம், மிதமான கோடையே போதும். செடி சேகரிக்கப் போன ரொபர்ட் ஃபார்ச்சூன் 1843இல் சீனாவின் சூசான் தீவில் அதைப் பார்த்தார், 1849இல் அவர் அனுப்பிய கன்றுகள் லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்கு வந்தன, பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அதே சாதியில் (பேரினத்தில்) இமயத்தின் குமாவோன் மலையில், பித்தோராகட் பக்கம், குளிர்காலத்தில் வெண்பனி விழுகிற உயரத்தில் காட்டு மரமாகவே ஒன்று நிற்கிறது. இந்தியாவில் பனையும் வெண்பனியும் ஒன்றாகக் கிடக்கிற இடம் இருக்கிறதா என்று கேட்டவருக்கு இது பதில்.

அடுத்து, புதிதாக ஆக்கவே கூடாத சொற்கள். நடுவில் விரியாமல் நிற்கிற இளம் ஓலையை ஆங்கிலத்தில் ‘ஸ்பியர்’ (spear) என்பார்கள், அதற்கு ‘ஈட்டியிலை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயோ, வேண்டாம். குருத்து இருக்கிறது. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை எல்லாம் தொல்காப்பிய மரபியலிலேயே வரிசையாகக் கிடக்கின்றன, அதுவும் எந்தத் தலைப்பின் கீழ் தெரியுமா, ‘புல்’ என்பதன் கீழ். ‘புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப’ – வெளியே வைரம் உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம். பனை வெட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும், சிலாகை அறுக்கிற வைரம் எல்லாம் வெளிப்பக்கம், நடுவில் சோறு. இது வெறும் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. வேம்போ ஆப்பிளோ குளிரில் கருகினால் கீழே இன்னொரு மொட்டில் துளிர்க்கும், பட்டைக்குக் கீழே வளர்படை இருக்கிறது. பனைக்கு அந்தப் படை இல்லை, தண்டுக்கு ஒரே ஒரு வளர்முனை, அது குருத்தின் அடியில். அது போனால் அந்தத் தண்டு போச்சு. மத்தியதரைக் கடல் கரையின் குட்டைப்பனை மாதிரிச் சில வகைகள் தூர் கட்டி வளரும், ஒரு தண்டு செத்தாலும் பக்கக்கன்று எழும்பும். பாதுவா தாவரத் தோட்டத்தில் 1585இல் நட்ட குட்டைப்பனை இன்றைக்கும் நிற்கிறது (கண்ணாடி வீட்டுக்குள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் அந்த அட்டைக்காரன் மாதிரி ஆகிவிடுவேன்).

சூசான் பனையின் தண்டில் மண்ணிறத் தும்பு சுற்றியிருக்கிறதே, அதற்கு ‘நார்ச்சட்டை’ என்று ஒரு பரிந்துரை வந்தது. அது பன்னாடை, வேறொன்றுமில்லை. கள்ளு வடிக்கிற அதே பன்னாடை. சீனாவில் அதில் மழையங்கியும் கயிறும் செய்திருக்கிறார்கள். திட்டுவதற்கும் அந்தச் சொல் பயன்படும் என்பதற்காகக் கலைச்சொல் பட்டியலில் இருந்து நீக்க முடியாது.

‘சோன்’ (zone) என்பதற்கு மண்டலமா வலயமா என்ற சண்டையில் நான் வலயம் பக்கம். உலர் வலயம், ஈர வலயம் என்று இலங்கையில் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவன், எனக்குப் பழக்கம். தமிழ்நாட்டார் மண்டலம் என்று எழுதினால் குடி முழுகாது. அமெரிக்க வேளாண் துறையின் வரைபடத்தை ‘குளிர்தாங்கு வலயம்’ எனலாம். ஒவ்வோர் ஆண்டின் மிகக் கடுமையான இரவை எடுத்துச் சராசரி பார்த்துப் பத்துப் பத்து ஃபாரன்ஹைட் பாகையாகப் பிரித்தது அது. சராசரி என்பதை மறக்கக் கூடாது.

கடைசியாக ஒரு பக்கவாத்தியம். டெவன் கடற்கரையில் ‘டோர்பே பனை’ என்று ஊரே சொல்கிற மரம் பனையே இல்லை, நியூசிலாந்துக் கோர்டிலைன். கிளை விடும், மேலே கருகினாலும் அடியிலிருந்து முளைக்கும். கையேட்டில் அதைப் ‘போலிப்பனை’ என்று போடட்டுமா? கொஞ்சம் திட்டுவதுபோல் இருக்கிறதோ?

அன்புடன்,
தென் இங்கிலாந்திலிருந்து

—

மறு: மறு: மறு: (அடுத்த நாள்)

கோவை ஐயாவின் மடல் கண்டேன், நன்றி. ‘ஸ்பியர் புல்’ (spear pull, குருத்து கையோடு உருவி வருவது) என்பதற்கு நான் ‘குருத்துக் கழல்வு’ என்று குறித்துவைத்திருந்தேன். தென்னையில் விவசாயிகள் ‘குருத்தழுகல்’ என்றுதானே சொல்கிறார்கள், அதையே ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்கிறார். பாதி ஏற்கிறேன். தென்னையில் அது பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரால் வருகிற நோய். இங்கே குளிர் முதலில் இழையத்தைக் கொல்கிறது, பூஞ்சையும் நுண்ணுயிரும் பிறகுதான் வந்து சாப்பிடுகின்றன. எனவே ‘குளிர்க் குருத்தழுகல்’ என்று முன்னொட்டோடு வைக்கிறேன், கழல்வு என்பது அதன் அறிகுறி. பரிகாரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: அழுகினதை வழித்து எடு, காயவிடு, செம்பு மருந்து போடு, மேலே மழை படாமல் மூடு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோப் பசையை அங்கே தென்னைக்குப் பூசுவதுபோல.

‘ஹார்டனிங்’ என்பதைக் ‘கடினப்படுத்துதல்’ என்று அங்கே பாடநூலில் எழுதுகிறார்கள் என்பது தெரியும். கையேட்டில் ‘குளிருக்குப் பழக்குதல்’ என்றே எழுதுகிறேன். கண்ணாடி வீட்டுக் கன்றைப் பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுக்கிற வேலையைக் கடினப்படுத்துதல் என்றால் என் மனைவிக்கே விளங்கவில்லை.

சுவிஸில் சூசான் பனை வைக்கலாமா என்று சூரிச் தங்கச்சி கேட்டது முக்கியம். சுவிஸின் தெற்கு மாநிலமான திச்சினோவில் சூசான் பனை காட்டுக்குள் ஏறிவிட்டது, அதனால் சுவிஸில் 2024 செப்டெம்பர் 1இலிருந்து அதை விற்கவோ அன்பளிப்பாகக் கொடுக்கவோ வெளியிலிருந்து கொண்டுவரவோ கூடாது. வளவில் முன்பே நிற்கிறதை வைத்திருக்கலாம். அங்கே அதைத் ‘திச்சினோப் பனை’ என்று அன்பாக அழைத்தவர்கள்தான் இப்போது தலையில் கைவைத்துக்கொண்டிருக்கிறார்கள். பறவை பழத்தைத் தின்று விதையைத் தூவுகிறது. எங்கள் பனைபோல இதிலும் ஆண் வேறு பெண் வேறு, பழம் வைப்பது பெண்தான், பழம் பழுக்குமுன் பாளையை வெட்டிவிட வேண்டும். இதை எழுத உட்கார்ந்தபோது ‘பாளை சீவுதல்’ என்று கை தானாகப் போனது, அழித்துவிட்டேன், சுவிஸ் ஆட்கள் முட்டியோடு ஏறிவிடுவார்கள். ‘பாளை களைதல்’ சரியா? சுவிஸில் இருப்பவர்களுக்கு அந்தப் பக்கத்தில் கட்டம் போட்டு வாங்கவேண்டாம் என்று எழுதிவிடுகிறேன், அவர்கள் குட்டைப்பனை வைக்கட்டும்.

‘போலிப்பனை’ யாருக்கும் பிடிக்கவில்லை என்று தெரிகிறது. கோர்டிலைன் என்றே விட்டுவிடுகிறேன்.

அப்புறம், அந்தச் சட்டிப் பனை என்ன ஆனது என்று இரண்டு பேர் தனிமடலில் கேட்டீர்கள். ஏப்ரலில் வேரோடு பிடுங்கி உரக்குவியலில் எறிந்தேன். ஜூலையில் குப்பை கொட்டப் போனபோது பார்த்தால், குருத்து இருந்த ஓட்டைக்குள்ளிருந்து கத்தரிக்கோலால் நறுக்கின மாதிரி நுனி மழுங்கிய ஓலை ஒன்று நாலு விரல் உயரத்துக்கு வந்திருந்தது. வளர்முனை சாகவில்லை, நான்தான் அவசரப்பட்டேன். திரும்ப நட்டேன், அந்தக் குளிரைத் தாண்டவில்லை. கையேட்டில் ‘ஆடி முடியும்வரை பிடுங்காதீர்கள்’ என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுகிறேன்.

‘குளிர்தாங்கு எல்லை’யா ‘குளிர்தாங்கு அளவு’வா என்பது மட்டும் பாக்கி. ஞாயிறுக்குள் சொன்னால் அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.